11 நிமிட மாயச் சாகசம்: ஓர் அனிமேஷன் எபிசோடைக் கட்டும் முறை

ஒரு மாயச் சாகச எபிசோடு நின்றதா, விழுந்ததா என்று அறிய, அதைப் பார்த்த பிள்ளையிடம் மறுநாள் கதை கேளுங்கள். "ஒரு பெரிய பூதம் வந்துச்சு, நெருப்பு விட்டுச்சு" என்று மட்டும் சொன்னால், ஓவியர் வேலை செய்திருக்கிறார், கதை வேலை செய்யவில்லை. "அந்த அக்கா தன்னோட அம்மா குரலையே குடுத்துட்டாங்க" என்று சொன்னால் எபிசோடு நின்றுவிட்டது. மாயம் என்ன செய்தது என்பது மறந்துபோகும். அதற்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்பது மறக்காது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான் போகிறது.

மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட சிறு குழு, 11 நிமிட எபிசோடு ஒன்றைச் செய்யப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியின் அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். அதில் பாதிதான் இந்த 11 நிமிடம். பிள்ளைகள் தொடருக்கு உலகெங்கும் பழகிப்போன அளவு இது. கதை நடக்கும் இடம் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் டவுன். கடைத்தெரு, கோயில், தமிழ்ப்பள்ளி, பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஒரு மூலையில் சாய்க்காமல் விட்டுவிட்ட கொஞ்சம் கித்தா (ரப்பர்) மரங்கள், தூரத்தில் ஈப்போ போகும் வழியெல்லாம் கூடவே வரும் சுண்ணாம்புக் குன்றுகள். மாயக் கதைக்கு இதைவிட நல்ல மேடை வேண்டியதில்லை. பனி மலையும் கோட்டையும் வரைய ஆசைப்படுகிறவர்கள் வரையலாம். ஆனால் பார்க்காத கோட்டையை வரைந்தால் வேறு யாரோ வரைந்ததைத்தான் வரைவோம். இந்நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமாகப் பதிவாகியிருப்பது 1983இல் தொலைக்காட்சியில் வந்த சருகுமான் கதை. அதை உருவாக்கிய ஆனந்தம் சேவியர் எடுத்துக்கொண்டதும் இந்த மண்ணின் காட்டு விலங்கைத்தான்.

மாயத்துக்கு விலை வையுங்கள்

கதை எழுதுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுத வேண்டும். மாயம் என்ன செய்யும்? என்ன செய்யவே செய்யாது? எப்போது வேலை செய்யாது? பயன்படுத்துகிறவர் எதை இழப்பார்? நான்காவது வரி காலியாக இருந்தால் மற்ற மூன்றையும் கிழித்துப் போடலாம்.

விதிகளைக் காற்றிலிருந்து பிடிக்க வேண்டாம். பாலுக்காகக் கித்தா மரத்தின் பட்டையை வெட்டும் வேலையைப் பாருங்கள். பொழுது விடியுமுன் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழாமல் மரத்தில் வழிந்தோடிவிடும். ஒரு மரத்தைத் தினமும் வெட்டக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பொதுவழக்கம். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்திருக்கும். ஒரு தடவைக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கிப் பட்டைக்குள் இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. நேரம், வானிலை, அளவு, பொறுமை, பேராசைக்குத் தண்டனை என்று ஒரு மாய உலகத்துக்கு வேண்டிய சட்டமெல்லாம் இதில் ஏற்கெனவே இருக்கிறது.

இதை வைத்து உதாரணக் கதையின் விதியை எழுதுவோம். மாரிக்கு 12 வயது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கித்தா மரங்கள் அந்தத் தோட்டத்தில் நடந்ததையெல்லாம் கேட்டு வைத்திருக்கின்றன. விடியுமுன் மரத்தை வெட்டி, மங்கில் விழும் பாலுக்குப் பக்கத்தில் காதை வைத்தால், கேட்ட கேள்விக்கு மரம் பதில் சொல்லும். மழையில் சொல்லாது. ஒரே மரத்தை மறுநாள் கேட்க முடியாது. ஒவ்வொரு பதிலுக்கும் மாரியின் நினைவிலிருந்து ஒருவருடைய குரல் போய்விடும். முகம் நினைவிருக்கும், பேசியது நினைவிருக்கும், குரல் மட்டும் இருக்காது. பெரிய கேள்விக்கு நெருக்கமானவரின் குரல்.

விலை மூன்று சோதனைகளில் தேற வேண்டும். திரையில் காட்டவோ கேட்கச் செய்யவோ முடிய வேண்டும். "அவளுடைய ஆயுளில் ஒரு நாள் குறையும்" என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும், 11 நிமிடத்தில் யாருக்கும் வலிக்காது. குரல் போவது அப்படியில்லை. அந்த ஆள் வந்து பேசும்போது வாய் அசையும், மாரிக்கு அது யாரோ ஒரு அந்நியர் குரலாகக் கேட்கும். அடுத்து, விலை திரும்பி வரக் கூடாது. எபிசோடு முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், பார்ப்பவர்கள் அடுத்த எபிசோடிலிருந்து பயப்படுவதை நிறுத்திவிடுவார்கள். கடைசியாக, கொடுக்கத் தயங்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும். சோர்வு, மயக்கம், மூக்கில் ரத்தம் எல்லாம் விலையாகாது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிற எதற்கும் கதையில் மதிப்பில்லை.

எதிரிக்கும் ஒரு விதி

இங்கே நீட்ட வேண்டியதில்லை. எதிரிக்குக் கோர முகத்தைவிடத் தெளிவான பழக்கம் முக்கியம். செம்பனையைக் கொல்லும் அடித்தண்டு அழுகல் நோய் மரத்தைக் கீழிருந்து உள்ளுக்குள்ளே தின்னும். அடிமரத்தில் காளான் வெளியே தெரியும்போது தண்டின் உள்பகுதி பெருமளவு கெட்டிருக்கும். நம் எதிரி அப்படி உள்ளே பொள்ளலான ஒரு செம்பனைக்குள் இருக்கிறது. நெற்றியில் கட்டும் தலைவிளக்கு ஒன்று ஆளில்லாமல் நடந்து போகும். அதைப் பார்ப்பவரின் மனத்துக்கு மிகவும் பிடித்த குரலில் முனகும். பின்னால் போகிறவர் திரும்பி வருவதில்லை. அதுக்கு இழுக்கத் தெரியும், துரத்தத் தெரியாது. இவ்வளவு போதும்.

660 வினாடியைப் பங்கு போடுவது

11 நிமிடம் என்பது 660 வினாடி. முதல் வரைவு எழுதும்போதே நேரத்தைப் பக்கத்தில் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

0:00 முதல் 0:45 வரை விதியைச் சிறிய அளவில் காட்டுங்கள், விளக்காதீர்கள். பாட்டியின் தொலைந்துபோன மூக்குத்தி எங்கே என்று மாரி மரத்தைக் கேட்கிறாள். மூக்குத்தி கிடைக்கிறது. அடுத்த ஷாட்டில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து கூப்பிடுகிறார். யார் இது என்பதுபோல மாரி திரும்பிப் பார்த்து, முகத்தைக் கண்டதும் சிரிக்கிறாள். விலை தெரிந்துவிட்டது, இன்னும் வலிக்கவில்லை. மாயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கிழவர் உட்கார்ந்து பேசும் காட்சியை எங்கே கண்டாலும் வெட்டிவிடுங்கள்.

1:00 முதல் 2:30 வரை ஆசையும் கெடுவும். தம்பி குட்டி படுக்கைக்கு முன் அம்மாவின் தாலாட்டைச் சுருதி தப்பிப் பாடுகிறான். "அப்படி இல்லடா" என்று மாரி திருத்துகிறாள். அம்மா உயிருடன் இல்லை என்பதை வசனத்தில் சொல்ல வேண்டாம், சுவரில் மாலை போட்ட படம் போதும். நடு இரவில் பாய் காலி. சிலிப்பர் இல்லை. விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டு மணி அடிப்பதற்குள் அவனைக் கொண்டுவர வேண்டும். ஆட்கள் வேலைக்கு இறங்கினால் எதிரி வாயை மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பவன் உள்ளேதான். கெடு எப்போதும் அந்த ஊர் ஆட்களுக்குத் தெரிந்த ஓசையாகவோ வெளிச்சமாகவோ இருக்கட்டும். மூலையில் எண் ஓடும் கடிகாரம் வைப்பது சோம்பேறி வேலை.

2:30 முதல் 5:00 வரை சாதாரண வழியில் முயற்சி, தோல்வி. இங்கே பலர் செய்யும் பிழை, உடனே மாயத்துக்கு ஓடுவது. மாயம் கடைசி வழி என்று தெரிந்தால்தான் விலை கனக்கும். மாரி விளக்கைத் துரத்துகிறாள். செம்பனை வரிசைகளுக்குள் அது தோன்றித் தோன்றி மறைகிறது.

5:00க்கு நடுத்திருப்பம். குட்டியின் ஒற்றைச் சிலிப்பர் கிடக்கிறது. அதே நேரம் மாரிக்கும் அம்மாவின் குரலில் அந்தத் தாலாட்டு முனகலாகக் கேட்கிறது. அறியாமலே மூன்று அடி முன்னே வைக்கிறாள். இதுவரை தம்பியைத் தேடினாள், இப்போது அவளும் இரை. நடுத்திருப்பத்தில் பிரச்சினை பெரிதாவது மட்டும் போதாது, அதன் வகையே மாற வேண்டும்.

5:30 முதல் 8:00 வரை மரங்கள். முதல் மரம் பாதி பதில் சொல்லி ஆசிரியரின் குரலை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது மரம் இன்னும் கொஞ்சம் சொல்லிப் பாட்டியின் குரலை எடுக்கிறது. குன்றுப் பக்கம் மின்னுகிறது. மழை வந்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாவது மரத்தில் முதல் துளி விழுகிறது.

8:00 முதல் 9:15 வரை தேர்வு. மீதி இருப்பது அம்மாவின் குரல் ஒன்றுதான். இந்த 75 வினாடியை எதற்காகவும் குறைக்காதீர்கள். சண்டை வேண்டாம், ஓட்டம் வேண்டாம், இசையும் வேண்டாம். உளி, பட்டை, அவள் முகம். அவசரப்பட்டு ஆழமாக வெட்டிவிடவும் கூடாது, மெதுவாக வெட்டினால் மழை முந்திவிடும். கையின் நடுக்கமே சாகசம்.

9:15 முதல் 10:20 வரை விடுவிப்பு. மாரி பொள்ளல் மரத்துக்குள் போகிறாள். எதிரி அம்மாவின் குரலில் முனகுகிறது. அவளுக்கு அது வெறும் சத்தம், இழுக்கவில்லை. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கிறாள். கொடுத்த விலையே அவளைக் காக்கும் கவசமாகிறது. இந்த முடிச்சுத்தான் எபிசோடின் முதுகெலும்பு. இழந்ததும் வென்றதும் ஒரே பொருளாக இருக்கும்போது முடிவு முன்பே எழுதி வைத்ததுபோல உறுதியாக இருக்கும், ஆனால் முன்கூட்டித் தெரிந்திருக்காது. கதை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மாரி விலை கொடுக்காமலே போயிருந்தாலும் ஜெயித்திருப்பாளா? ஆம் என்றால் 8:00க்கு முந்தியதைத் திருத்த வேண்டும், முடிவைத் தொடாதீர்கள். முடிவு சப்பென்று இருக்கிறது என்று முடிவையே திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் பல வாரங்களைத் தொலைக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் விதைக்காமல் விட்டதில் இருக்கும்.

விதைப்பதற்கு ஓர் அளவு உண்டு. முடிவில் பயன்படும் எதுவும் அதற்கு முன் இரண்டு தடவை, இரண்டு வேறு காரணங்களுக்காகத் திரையில் வந்திருக்க வேண்டும். தாலாட்டு முதலில் தம்பியின் குறும்பாக வருகிறது, பிறகு எதிரியின் தூண்டிலாக வருகிறது. மூன்றாம் தடவை வரும்போது அது வெறும் பாட்டாக இருக்காது.

வினைச்சொல் முடியும்வரை வெட்டாதீர்கள்

ஆங்கிலத் தொடர்களைப் பார்த்து ஸ்டோரிபோர்டு (கதையை ஷாட் ஷாட்டாக வரைந்து வைப்பது) பழகியவர்கள் தமிழ் வசனத்தில் ஓரிடத்தில் தவறாமல் இடறுகிறார்கள். தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில்தான் வரும். "உன் தம்பியக் கூட்டிட்டுப் போனது நான் இல்ல" என்ற வரியில் "இல்ல" வரும்வரை அது ஒப்புதல் வாக்குமூலம்போலத்தான் கேட்கும். கேட்பவரின் முகத்துக்கு வரி பாதியிலேயே வெட்டினால், இன்னும் சொல்லாத செய்திக்கு அவர் அதிர்ந்ததாகிவிடும். பேசுபவரின் முகத்திலேயே நில்லுங்கள். வினை முடிந்து 6 முதல் 8 பிரேம், அதாவது கால் முதல் மூன்றில் ஒரு வினாடி கழித்து எதிர்முகத்துக்குப் போங்கள். இதைக் கருவியாகவும் ஆக்கலாம். வரியின் நடுவில் கேட்பவரின் கை மட்டும் தெரியட்டும், உளிப்பிடியை இறுக்கட்டும், கடைசிச் சொல்லில் தளரட்டும்.

மலாய் வசனவரி போடுகிறவர்களுக்கு இதே காரணத்தால் ஒரு சிக்கல் வரும். மலாயில் "இல்லை" என்று பொருள்படும் "புக்கான்" முதலிலேயே வந்து நிற்கும். தமிழ்க் குரல் இன்னும் தொங்கலில் இருக்க, கீழே இருக்கும் வரி முடிவைச் சொல்லிவிடும். வரியை இரண்டாக உடைத்து, மறுப்புள்ள பாதியைக் குரலோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

பேச்சு அந்த ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். குட்டி அக்காவை "அக்கா, வா லா" என்றுதான் கூப்பிடுவான். பாட்டி பசியாறினாயா என்று கேட்பார். ரொட்டிக்காரரை "அண்ணே" என்பாள் மாரி. மாய உலகம் என்றவுடன் பாத்திரங்கள் மேடைத் தமிழ் பேசத் தொடங்கிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. "யாரங்கே! என் எல்லைக்குள் நுழைந்தது யார்?" என்று எதிரி முழங்கினால் சிறுபிள்ளைகூடப் பயப்படாது. லயத்துக் கதவுக்கு வெளியே நின்று "கண்ணு, தூங்கிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டால் பெரியவருக்கே முதுகு சில்லிடும். ஒரு ஷாட்டில் இரண்டு வரிக்குமேல் பேச வேண்டி வந்தால், அதில் ஒன்றைச் செயலாக மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

செம்பனைக்குள் துரத்தலை வரைவது

செம்பனைத் தோட்டம் கேமராவுக்குக் கிடைத்த வரம். மரங்கள் முக்கோண அமைப்பில், பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகின்றன. ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 140 மரம். அதனால் ஓரிடத்தில் நின்று பார்த்தால் மூன்று திசைகளில் நீண்ட தெருபோல வரிசை தெரியும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் தெரு மூடிக்கொள்ளும். விளக்கு ஒரு வரிசையின் கோடியில் தெரிகிறது, மாரி ஓடுகிறாள், அது ஓரடி விலகியதும் இல்லாமல் போகிறது, இடப்பக்க வரிசையில் மறுபடி தெரிகிறது. எந்த மந்திர ஒளியும் இல்லாமல், மரம் நட்ட கணக்கே மாயம் செய்கிறது.

வரிசைகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒன்று விட்டு ஒன்று வண்டிப்பாதை, அது சுத்தமாக இருக்கும். நடுவில் உள்ள வரிசையில் வெட்டிய மட்டைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். மட்டைக் காம்பில் முள். பாதையில் ஓடலாம், மறைய முடியாது. மட்டைக் குவியலில் மறையலாம், ஓட முடியாது. துரத்தலில் ஒவ்வொரு 10 முதல் 15 வினாடிக்கும் பாத்திரம் இதைப்போல ஒன்றை முடிவு செய்ய வேண்டும். வெறும் ஓட்டம் 20 வினாடிக்குமேல் போனால் பார்ப்பவர் கவனம் கலைந்துவிடும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் 9 மீட்டர் முக்கோணத்தில் வெறும் உருளைகளை நட்டு, உள்ளே கேமராவை 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மாரியின் கண் மட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். கிடைக்கும் கோணங்களின் மேலேயே அதிலுள்ள கிரீஸ் பென்சில் கருவியால் வரையலாம். பிளெண்டர் இலவசம். வரையவும் அசைக்கவும் உதவும் கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் மென்பொருள்களும் இலவசம்தான்.

துரத்தலில் திசை குழம்புவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. மாரி வலப்பக்கம் நோக்கி ஓடினால், துரத்தல் முடியும்வரை வலப்பக்கம் நோக்கியே ஓடட்டும். திசையை மாற்ற வேண்டுமானால், அவள் கேமராவை நோக்கி நேரே வரும் ஷாட் ஒன்றை நடுவில் வைத்து மாற்றுங்கள். தலைவிளக்கு உள்ள இரவுக் காட்சியில் ஒளிக்கூம்புக்குள் இருப்பதை மட்டும் முழு நிறத்தில் வரையுங்கள், மீதி இரண்டே இருள் வண்ணம். வேலை குறையும், பயம் கூடும்.

எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் கூகை என்ற ஆந்தைக்குப் பெட்டி வைப்பார்கள். அந்தக் கம்பம் நல்ல அடையாளம். துரத்தலின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அது தெரிந்தால், யார் எங்கே இருக்கிறார்கள் என்பது வசனமில்லாமல் புரியும்.

அனிமேட்டிக்: மனம் கல்லாக வேண்டிய இடம்

ஸ்டோரிபோர்டுப் படங்களை நேர அளவோடு அடுக்கி, கைப்பேசியில் பதிந்த தற்காலிகக் குரலைச் சேர்த்தால் அனிமேட்டிக். 11 நிமிடத்துக்குச் சுமார் 160 முதல் 190 ஷாட் வரும், போர்டுப் படங்கள் 350 முதல் 500 வரை ஆகலாம். முதல் அடுக்கலில் 13, 14 நிமிடம் வந்தால் கவலைப்பட வேண்டாம். 9 நிமிடம் வந்தால்தான் கவலை, அமைதிக்கு இடம் விடவில்லை என்று அர்த்தம்.

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். கண் திரையை விட்டு விலகும் நேரத்தை மட்டும் குறியுங்கள். முடிந்தபின் "பிடிச்சிருக்கா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லாரும் பிடித்திருக்கிறது என்பார்கள். "மாரிக்கு இப்ப எது இல்ல?" என்று கேளுங்கள். பாதிப்பேருக்கு மேல் பதில் தெரியவில்லை என்றால் முதல் 45 வினாடியைத் திரும்ப எழுத வேண்டும்.

வெட்டும்போது முதலில் போக வேண்டியவை: ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்கும் ஷாட்கள், சொன்னதைத் திரும்பச் சொல்லும் வரிகள், உலகத்தின் அழகைக் காட்ட மட்டும் வைத்த அகலக் காட்சிகள். கடைசி வகையை வெட்டும்போது ஓவியருக்கு மனம் நோகும். ஒன்றை மட்டும் அவருக்காக விட்டுவையுங்கள், 2:30க்குப் பக்கத்தில், துரத்தல் தொடங்குமுன்.

படக் கணக்கு

வினாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். 660 வினாடிக்கு 7,920 படம். ஒருவர் நாளுக்குக் கோடிட்டு வண்ணம் தீட்டி 25 படம் முடிப்பதாக வைத்தாலும் 317 நாள். சிறு குழு இதைச் செய்யவே கூடாது.

முழு அசைவை 70 வினாடிக்கு மட்டும் ஒதுக்குங்கள், 840 படம். நம் கதையில் அவை மூன்று இடங்களுக்குப் போகும்: செம்பனைத் துரத்தலில் ஒரு பகுதி, மாரி அறியாமல் வைக்கும் அந்த மூன்று அடி, மழைக்கு முன் உளி பட்டையில் இறங்கும் வெட்டு. மற்ற இடங்களில் நின்ற படம், வாய் மட்டும் அசைவு, பின்னணி நகர்வு போதும். பின்னணிகளை 35 முதல் 40க்குள் அடக்கி, வேறு வேறு கோணத்தில் வெட்டிப் பயன்படுத்துங்கள். துரத்தல் முழுவதையும் முழு அசைவில் செய்து, தேர்வுக் காட்சியில் பணமும் பொறுமையும் தீர்ந்துபோன எபிசோடுகள் ஏராளம். உளி வெட்டை முதலில் வரைந்து முடித்துவிட்டுத் துரத்தலுக்கு வாருங்கள்.

பிரேம் வேகத்தை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். இணையத்துக்கு 24 போதும். இங்குள்ள தொலைக்காட்சி 25. 24இல் செய்ததை அப்படியே 25இல் ஓட்டினால் 11 நிமிடம் 10 நிமிடம் 34 வினாடியாகச் சுருங்கும், குரலும் சற்றே கீச்சிடும்.

வாயும் ஓசையும்

குரலை முதலில் பதிந்து, அதற்கு வாயை வரையுங்கள். தமிழுக்கு ஏழு வாய் வடிவம் போதும்: மூடியது, ஆ, ஈ, ஏ, ஓ, ஊ, பல் உதட்டில் படும் வ. ப, ம இரண்டிலும் உதடு மூடியே ஆக வேண்டும், மற்ற எழுத்துகளில் கொஞ்சம் தவறினாலும் கண் மன்னித்துவிடும். "அப்பா", "அம்மா" போன்ற இரட்டிப்பில் மூடிய வாயை 4 பிரேமாவது நிறுத்துங்கள். ஒற்றையாக வரும்போது 2 பிரேம். இரட்டிப்புக்கு இடம் கொடுக்காத வாயசைவு மொழிமாற்றுப் படம்போலத் தெரியும். மூடிய வாய் ஒலிக்கு ஒரு பிரேம் முந்தி வரட்டும், பிந்தினால் கண்ணை உறுத்தும்.

பதிவு இடம் தகரக் கூரை வீடு என்றால் மழை நேரத்தை மறந்துவிடுங்கள். பிற்பகலில் பெரும்பாலும் மழை வந்துவிடும், காலை பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. காற்றாடியை நிறுத்தி, சுவரோரம் மெத்தையை நிற்க வைத்து, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பேசட்டும். 48 கிலோஹெர்ட்ஸில், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். யாரும் பேசாத அறையின் அமைதியையும் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள். வசனங்களுக்கிடையே ஒட்டுப்போட அது வேண்டும்.

இயற்கை ஓசைகளைக் கடன் வாங்காமல் ஊரிலேயே பிடியுங்கள். காய்ந்த கித்தாக் காய் வெயிலில் "டப்" என்று வெடிக்கும். கூகை மற்ற ஆந்தைகளைப்போல அலறாது, துணி கிழிவதுபோல நீளமாகக் கிறீச்சிடும். மங்கில் விழும் பாலுக்குக் கிட்டத்தட்ட ஓசையே இல்லை. தேர்வுக் காட்சியில் அதை மட்டும் கொஞ்சம் மிகைப்படுத்தலாம். குரல் போகும் தருணத்துக்கு மந்திர மணியோசை வைக்க வேண்டாம். அந்த ஆளின் பேச்சிலிருந்து முதலில் தாழ்ந்த ஒலிகளையும் பிறகு உயர்ந்தவற்றையும் வடிகட்டி, 2 வினாடியில் மெல்லிய இரைச்சலாக்குங்கள். மூன்று இழப்புக்கும் அதே உத்தி, ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக. அம்மாவின் குரலுக்கு 6 வினாடி எடுத்துக்கொள்ளலாம்.

10:20க்குப் பிறகு உள்ள கடைசி 40 வினாடியில் புதிதாக எதுவும் வரக் கூடாது. பெரட்டு மணி அடிக்கிறது. லயத்து வாசற்படியில் இரண்டு பேரும் நனைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குட்டி அந்தத் தாலாட்டைச் சுருதி தப்பிப் பாடுகிறான். மாரி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டேய், அது என்னா பாட்டு?" என்கிறாள். குட்டி பதில் சொல்லக் கூடாது. அவன் முகத்தில் 4 வினாடி நில்லுங்கள், பிறகு முதல் வரியிலிருந்து மெதுவாகப் பாடத் தொடங்கட்டும். படம் கறுப்பான பிறகும் அவன் குரல் 3 வினாடி ஓடட்டும். பெயர்ப்பட்டியலுக்கு வேறு இசை போட வேண்டாம், விடிகாலைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் போதும்.